"நான் செய்ய மாட்டேன்" என்று கையெழுத்திட்ட 18 பேர்: வாசகர் கேள்வி – பதில்

அணு ஆயுத வேலையில் பங்கேற்க மாட்டோம் என்று 1957-இல் கையெழுத்திட்ட மேற்கு ஜெர்மனியின் 'கோட்டிங்கன் விஞ்ஞானிகள்' 18 பேரைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. 34 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். கரும்பலகையில் சூத்திரத்தை எழுதும்போதெல்லாம் அதைக் கண்டுபிடித்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் சொல்லாமல் விட்டதில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஜெர்மானியர்கள் நோபல் பரிசு வாங்கக் கூடாது என்று ஹிட்லர் தடை போட்டாராமே? அப்படித் தடைபட்ட பரிசு, போர் முடிந்த பிறகாவது உரியவர்கள் கைக்கு வந்ததா?
*– கல்லூரி மாணவி, திருச்சி*

பதக்கமும் சான்றிதழும் வந்தன. பணம் வரவில்லை.

தடைக்குக் காரணம் ஓர் இதழாளர். பெயர் கார்ல் வான் ஓசியட்ஸ்கி. ஜெர்மனி ரகசியமாகப் படை திரட்டுவதைத் தம் இதழில் வெளிப்படுத்திய குற்றத்துக்காக முன்பே சிறை சென்றவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவரை வதைமுகாமில் அடைத்தார்கள். 1935-ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசை 1936-இல் அவருக்கு அறிவித்தபோது, அடி உதைகளாலும் காசநோயாலும் அவர் உடல் சிதைந்து போயிருந்தது. பரிசை வாங்க அவரை ஆஸ்லோவுக்கு விடவில்லை. 1938 மே மாதம் போலீஸ் காவலில், பெர்லின் மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பரிசால் கோபம் கொண்ட ஹிட்லர், இனி எந்த ஜெர்மானியரும் எந்த நோபல் பரிசையும் ஏற்கக் கூடாது என்று 1937 ஜனவரியில் ஆணையிட்டார்.

அந்த ஆணையில் சிக்கியவர்கள் மூவர்: வேதியியலில் ரிச்சர்டு கூன், அடால்ஃப் புடெனன்ட், மருத்துவத்தில் கெர்ஹார்டு டோமாக். மூவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கூன் வைட்டமின் ஆராய்ச்சிக்குப் பரிசு பெற்றவர். 1944-இல் அவர் ஆய்வகத்தில்தான் 'சோமன்' என்னும் நரம்பு நச்சு வாயு பிறந்தது. டோமாக் கதை வேறு. பாயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு சிவப்புச் சாயப் பொருள், சீழ்க் கிருமி ஏற்றிய எலிகளைச் சாகாமல் காப்பாற்றுவதைக் கண்டவர் அவர். 'பிரான்டோசில்' என்ற அந்த மருந்துதான் சல்பா மருந்துகளின் வரிசையைத் திறந்து வைத்தது. ஊசி ஏறி அவருடைய சிறு மகளின் கை சீழ் பிடித்துவிட்டது. கையையே எடுத்துவிட நேரலாம் என்ற நிலையில், தம் ஆய்வகத்து மருந்தைத் தாமே கொடுத்துப் பிள்ளையைப் பிழைக்க வைத்தார். 1939-இல் பரிசு அறிவிக்கப்பட்டதும் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அவரைப் பிடித்துப் போய் ஒரு வாரம் போல அடைத்து வைத்தது. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வைத்தது. 1947-இல்தான் அவர் ஸ்டாக்ஹோம் போய்ப் பதக்கத்தை வாங்கினார். உரிய காலத்தில் பெறாத பரிசுத் தொகை, விதிப்படி நோபல் அறக்கட்டளைக்கே திரும்பிப் போயிருந்தது.

டோமாக் அதோடு நிற்கவில்லை. காசநோயின் பக்கம் திரும்பினார். ஐசோனியாசிட் மருந்து காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பதை 1950களின் தொடக்கத்தில் மூன்று நிறுவனங்களின் ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டன. அவற்றுள் ஒன்று டோமாக் பணிபுரிந்தது.

இந்த மருந்தின் பெயரை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டுவிட்டேன். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளியை மலைப்பக்கத்துச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடத்தாமல், சொந்த வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. முடியும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றிய முடிவு அது. ராயபுரத்தில் இருந்த என் அத்தை அந்த ஆண்டுகளில் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுப் பிழைத்தவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண் வருவார். அத்தை அடுப்படி மாடத்திலிருந்து மருந்து டப்பாவை எடுத்துவர, அவர் தரையில் உட்கார்ந்து, மடியில் விரித்த துணியில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணி மறுபடியும் டப்பாவில் போடுவார். கணக்குச் சரியாக இருந்தால் அத்தையின் முகத்தைப் பார்த்துத் தலையசைப்பார். எனக்கு அப்போது ஏழு வயது. ஓசியட்ஸ்கியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த டப்பாதான் என் நினைவுக்கு வருகிறது. அவரைக் கொன்றதும் அதே நோய்தான்.

அணுவைப் பிளந்தவர் ஓட்டோ ஹான். அப்படியானால் ஹிரோஷிமாவுக்கு அவரும் பொறுப்புதானே?
*– வாசகர், கோயம்புத்தூர்*

இதே கேள்வியை ஹான் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்.

1945 ஆகஸ்டில் ஹானும் மற்ற ஒன்பது ஜெர்மானிய விஞ்ஞானிகளும் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஃபார்ம் ஹால் என்ற பண்ணை வீட்டில் காவலில் இருந்தார்கள். அறைதோறும் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். அது விருந்தாளிகளுக்குத் தெரியாது. அந்த ஒட்டுக்கேட்பின் எழுத்துப்படிகள் 1992-இல் வெளியாயின. அதனால் அன்று நடந்தது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆகஸ்ட் 6 மாலை, இரவு உணவுக்கு முன், காவல் அதிகாரி ஹானைத் தனியே அழைத்துச் செய்தியைச் சொன்னார். ஹான் நொறுங்கிப் போனார். பல்லாயிரம் உயிர்களின் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று தோன்றுவதாகச் சொன்னார். மதுவை ஊற்றிக் கொடுத்துத்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

என் கருத்தைக் கேட்டால், 1938 டிசம்பரில் பெர்லினில் யுரேனியத்தின் மேல் நியூட்ரானை மோதவிட்டு, அணு பிளந்ததற்குச் சான்றான பேரியம் கிடைத்ததைக் கண்டவரை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். அவர் தேடியது குண்டை அல்ல. யுரேனியத்தைவிடக் கனமான தனிமங்கள் கிடைக்கின்றனவா என்றுதான் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் தாம் திறந்த கதவின் வழியே எது நுழைந்தது என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1944-ஆம் ஆண்டின் வேதியியல் பரிசு தமக்குக் கிடைத்திருப்பதை 1945 நவம்பரில், அதே காவல் வீட்டில், செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் நேரில் வாங்க முடிந்தது.

அந்தப் பரிசில் லீசா மைட்னருக்குப் பங்கு இல்லாமல் போனது ஏன்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்*

இந்தக் கேள்விக்கு அமைதியாகப் பதில் எழுத எனக்கு இன்னும் பழகவில்லை.

மைட்னர் ஆஸ்திரியாவில் பிறந்த யூதக் குடும்பத்துப் பெண். பெர்லினில் ஹானோடு 30 ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர். யுரேனியம் ஆராய்ச்சியைத் தொடங்கலாம் என்று ஹானைத் தூண்டியவரே அவர்தான். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் அவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனது. 1938 ஜூலை 13 அன்று, கைப்பையில் 10 மார்க் பணத்தோடு ரயிலேறி நெதர்லாந்து எல்லையைக் கடந்தார். வழியில் காவலர்களுக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்து அனுப்பினார். அந்த நட்பு உண்மையானது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பேரியம் கிடைத்ததும் ஹான் முதலில் கடிதம் எழுதியது ஸ்வீடனில் இருந்த மைட்னருக்குத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷ்ஷோடு பனியில் நடந்துபோன மைட்னர், ஒரு மரத்தண்டின் மேல் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். அணுக்கரு இரண்டாகப் பிளந்தால் ஏறத்தாழ 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளியாக வேண்டும் என்று வந்தது. நடந்தது என்ன என்பதை உலகுக்கு விளக்கியது அந்தக் கணக்கு. பரிசுக் குழு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வேதியியல் வேறு, இயற்பியல் வேறு என்று பிரித்தார்கள். அகதியாக, நல்ல ஆய்வகம் இல்லாமல் இருந்தவருக்காக வாதாட அங்கே ஆள் குறைவு. நாற்பதுக்கும் மேற்பட்ட முறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.

1996-இல் ஓர் ஆசிரியர் குழுவோடு ம்யூனிக் போனபோது, அங்குள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தில் அந்தச் சோதனையின் கருவிகள் உள்ள மேசையைப் பார்த்தேன். சாதாரண மரமேசை. மேலே வட்டமான மஞ்சள் நிறப் பாரஃபின் கட்டி. நியூட்ரான் தரும் பொருளை அதற்குள்தான் வைத்தார்கள். பக்கத்தில் எண்ணும் கருவிகள், வயர்கள். கீழ்த்தட்டில் வரிசையாக மின்கலங்கள். உண்மையில் மூன்று தனித்தனி அறைகளில் இருந்த கருவிகளைக் காட்சிக்காக ஒரே மேசையில் கூட்டி வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அதன் பெயர் 'ஓட்டோ ஹானின் வேலை மேசை'. அளக்கும் கருவிகளெல்லாம் மைட்னரின் இயற்பியல் பிரிவில் உருவானவை! நான் போனபோது பலகையைத் திருத்தி, மைட்னர், ஹானோடு சோதனை செய்த ஸ்ட்ராஸ்மன் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்திருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். குழுவில் மற்றவர்கள் விமானக் கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

ஹான் தம் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை மைட்னருக்குக் கொடுத்தார். மைட்னர் அதை ஐன்ஸ்டைன் தலைமையில் இருந்த அணு விஞ்ஞானிகள் குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் பணத்தைப் பகிர்ந்தவர் பெருமையைப் பகிரவில்லை. மைட்னர் தம்மோடு சேர்ந்து உழைத்தவர் என்று, போருக்குப் பிந்தைய பேட்டிகளில் ஹான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதை அவர் செய்யாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அணுகுண்டுத் திட்டத்துக்கு அழைப்பு வந்தபோது முடியாது என்று மறுத்த விஞ்ஞானிகளில் மைட்னர் ஒருவர். 1943-இல், பிழைப்பே கடினமாக இருந்த நாளில் மறுத்தார். 109-ஆம் தனிமத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நாஜிகளுக்காக யுரேனியத் திட்டத்தில் வேலை செய்தவர்களே பிறகு அமைதி பேசினார்கள். இவர்களை நீங்கள் ஏன் கொண்டாட வேண்டும்? கோட்டிங்கன் அறிக்கையால் என்ன கிடைத்தது?
*– வழக்கறிஞர், மதுரை*

நேர்மையான கேள்வி. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

1957 ஏப்ரல் 5 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கொன்ராட் அடினாவர், களத்தில் பயன்படும் சிறிய அணு ஆயுதங்கள் பீரங்கியின் அடுத்த கட்ட வளர்ச்சிதான், வேறொன்றுமில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஜெர்மானியப் படைக்கும் அவை தேவை என்பது அரசின் எண்ணம். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று 18 விஞ்ஞானிகள் பதில் அறிக்கை வெளியிட்டார்கள். வரைவில் பெரும்பங்கு கார்ல் ஃப்ரீட்ரிஷ் வான் வைட்செக்கருடையது. கையெழுத்திட்டவர்களில் ஹான், மாக்ஸ் பார்ன், ஹைசன்பர்க், மாக்ஸ் வான் லாவ ஆகிய நால்வர் அப்போதே நோபல் பரிசு பெற்றவர்கள். வொல்ஃப்காங் பால் 1989-இல் பெற்றார்.

அறிக்கை சொன்னது இதுதான். சிறியது என்று நீங்கள் சொல்லும் குண்டு ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவை அழித்ததற்கு ஈடானது. எங்கள் நாடு போன்ற சிறிய நாட்டுக்கு, அணு ஆயுதமே வேண்டாம் என்று தானாகத் துறப்பதுதான் பாதுகாப்பு. எங்களில் எவரும் அணு ஆயுதத்தைச் செய்வதிலோ சோதிப்பதிலோ பயன்படுத்துவதிலோ எவ்வகையிலும் பங்கேற்க மாட்டோம்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவர்களைப் பற்றி எழுதினேன். 1955 ஜூலையில், போடன் ஏரியில் உள்ள மைனாவ் தீவில் 18 நோபல் விஞ்ஞானிகள் கூடி வேறோர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அதற்கும் ஹான் முன்னின்றார். பின்னர் கையெழுத்திட்டவர்கள் 52 பேர் ஆனார்கள். அது நாடுகளைப் பார்த்து, வன்முறையைக் கைவிடுங்கள் என்று கேட்டது. கோட்டிங்கன் அறிக்கை அடுத்தவருக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. அணு விஞ்ஞானியே வர மாட்டேன் என்றால் அரசு யாரை வைத்துக் குண்டு செய்யும்?

அடினாவருக்குக் கடுங்கோபம். ஏப்ரல் 17 அன்று சிலரை, அன்றைய தலைநகரான பான் நகருக்கு அழைத்துப் பேசினார். அவர்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. உடனடிப் பலன் என்று பார்த்தால் பெரிதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டுத் தேர்தலில் அடினாவர் பெரும்பான்மையோடு வென்றார். அமெரிக்க அணு ஆயுதங்கள் ஜெர்மானிய மண்ணில் வந்து இறங்கின. ஆனாலும் மேற்கு ஜெர்மனி சொந்தமாகக் குண்டு செய்யவில்லை. 1969-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

இனி உங்கள் முதல் கேள்வி. ஃபார்ம் ஹாலில் அடைபட்டிருந்த பத்துப் பேரில் ஆறு பேர் இந்த அறிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஹைசன்பர்க், வைட்செக்கர், கெர்லாக், விர்ட்ஸ் ஆகியோர் போர்க்காலத்தில் ஹிட்லர் அரசின் யுரேனியத் திட்டத்தில் இருந்தவர்கள்தாம். நீங்கள் எல்லோரும் நாஜி ஜெர்மனிக்காக உழைத்தீர்கள், வாய்மூடிய எதிர்ப்பைத் தாண்டிப் போகவில்லை என்று 1945-இல் மைட்னர் ஹானுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் ஹான் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் குற்றச்சாட்டில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த 18 பேரில் லாவவும் இருக்கிறார். ஐன்ஸ்டைனைப் பழிப்பது வழக்கமாகிப்போன நாட்டில் அவருக்காக வெளிப்படையாகப் பேசியவர். 1933-இல் யூதர் என்று வேலையிலிருந்து விரட்டப்பட்ட பார்ன் இருக்கிறார். ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் இருக்கிறார். நாஜிகள் பிடியில் இருந்த சங்கத்தில் சேர மறுத்ததால் வேலை கிடைக்காமல் பட்டினி கிடந்தவர். போர்க்காலத்தில் ஒரு யூதப் பெண்ணைத் தம் பெர்லின் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்தவர். பிடிபட்டிருந்தால் மனைவி, மூன்று வயது மகன் உட்பட யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். இஸ்ரேல் 1985-இல் அவரைக் கௌரவித்தது. அவர் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். ஒரே தாளில் இத்தனை வகை மனிதர்களின் கையெழுத்து இருக்கிறது, வழக்கறிஞர் ஐயா. ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் முடியாது, கொண்டாடவும் முடியாது. பெயர் பெயராகத்தான் படிக்க வேண்டும்.

ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஜெர்மானியரா, பிரெஞ்சுக்காரரா?
*– வாசகர், கும்பகோணம்*

1875-இல் அல்சாஸ் பகுதியில் பிறந்தபோது அது ஜெர்மனி. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ். 1952-ஆம் ஆண்டின் அமைதிப் பரிசு பிரான்ஸ் கணக்கில் இருக்கிறது. பரிசுப் பணம் ஆப்பிரிக்காவில் லம்பரேனேயில் மருத்துவராக இருந்து அவர் நடத்திய தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனது. கோட்டிங்கன் அறிக்கை வெளிவந்து 11-ஆம் நாள், அணுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லும் அவருடைய உரையை ஆஸ்லோ வானொலி ஒலிபரப்பியது.

மாக்ஸ் பார்ன் இந்தியாவில் பாடம் நடத்தினார் என்பது உண்மையா?
*– பொறியியல் மாணவர், சேலம்*

உண்மை. விரட்டப்பட்ட பார்னை, திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தார். 1935-36 குளிர்காலத்தில் மனைவியோடு வந்து ஆறு மாதம் போலத் தங்கினார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் பெருமுயற்சி எடுத்தார். ஆனால் பேராசிரியர்கள் கூடிய கூட்டத்தில் ஆங்கிலேயர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டில் துரத்தப்பட்ட இரண்டாந்தர ஆள் நமக்கு வேண்டாம் என்று பார்னின் முகத்துக்கு நேரே பேசினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் பார்னே எழுதியிருக்கிறார். பிறகு எடின்பரோவில் பேராசிரியர் ஆனார். 1926-இல் செய்த வேலைக்கு 1954-இல் நோபல் பரிசு வந்தது.

ஓய்வுபெற்றதும் ஜெர்மனிக்கே திரும்பினார். தம் மக்களை விரட்டிய நாட்டுக்கு ஏன் போகிறீர்கள் என்று ஐன்ஸ்டைன் கடிந்துகொண்டும் போனார். கோட்டிங்கன் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில், குவான்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடு ஒரே வரியாகப் பொறித்திருக்கிறது. ஹானும் லாவவும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

வில்லி பிராண்ட் வார்சாவில் மண்டியிட்டது அரசியல் நாடகம் என்கிறார்களே?
*– வங்கி ஊழியர், ஈரோடு*

அன்றைக்கே அப்படிச் சொன்னார்கள். 1970 டிசம்பர் 7, ஈரமான நாள். போலந்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்த மேற்கு ஜெர்மனியின் பிரதமர் பிராண்ட், யூதர் குடியிருப்பில் எழுந்து போரிட்டு மாண்டவர்களின் நினைவுச் சின்னத்துக்கு மலர் வளையம் வைத்தார். வளையத்தின் நாடாவை இரு கைகளாலும் நீவிச் சரிசெய்தார். பின்வாங்கி நின்றவர் சட்டென்று இரண்டு முழங்காலையும் ஊன்றி, கைகளைக் கோத்துக்கொண்டு, அரை நிமிடம் போல அசையாமல் இருந்தார். உடன் வந்த அதிகாரிகளுக்கே தெரியாது. ஜெர்மானிய வார இதழ் ஒன்று கருத்துக் கேட்டபோது 48 விழுக்காட்டினர் அது மிகை என்றார்கள்; 41 விழுக்காட்டினர் தகும் என்றார்கள்.

நாடகமாடுபவர் தமக்கு ஆதாயம் தேடுவார். பிராண்ட் 19 வயதில் நாஜிகளுக்குத் தப்பி நார்வேக்கு ஓடியவர், குடியுரிமை பறிக்கப்பட்டவர். மண்டியிட்டுக் கேட்க அவர் சொந்தக் கணக்கில் எந்தப் பாவமும் இல்லை. தேர்தல் மேடைகளில் அவரைத் தேசத்துரோகி என்று ஏசிய கூட்டத்துக்கு அந்தப் படம் இன்னொரு ஆயுதம் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

1971-இல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதை வாங்க அவர் போன ஆஸ்லோ, முன்பு அகதியாக வாழ்ந்த அதே ஊர். 1935-36-இல், இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இளைஞரான பிராண்ட் அங்கே உட்கார்ந்து, பத்திரிகைகளுக்கும் எம்.பி.க்களுக்கும் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். வதைமுகாமில் கிடக்கும் கார்ல் வான் ஓசியட்ஸ்கிக்கு நோபல் பரிசு கொடுங்கள் என்பதுதான் அத்தனை கடிதங்களிலும் அவர் கேட்டது.